பறவைக் கணக்கெடுப்புக்குக் குறைந்த விலையில் ரேஞ்ச்ஃபைண்டர்: சென்னையில் வாங்குவோருக்கு

ஏரிக்கரையில் நின்றுகொண்டு, "அந்த நாமக்கோழிக் கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் நூறு மீட்டர் என்பார், பக்கத்தில் இருப்பவர் இருநூறு என்பார். நடுவில் மரமோ வீடோ இல்லாத தண்ணீர்ப் பரப்பில் கண் மதிப்பு அவ்வளவுதான். எத்தனை பறவை என்பதோடு எவ்வளவு தூரத்தில் பார்த்தோம் என்பதையும் எழுதச் சொல்லும் கணக்கெடுப்புகள் உண்டு. அந்தத் தூரத்தை வைத்துத்தான் ஒரு பரப்பில் எத்தனை பறவைகள் இருக்கக்கூடும் என்று கணிப்பார்கள். தூரம் தப்பினால் கணிப்பும் தப்பிவிடும்.

இதற்கு உள்ள கருவி லேசர் ரேஞ்ச்ஃபைண்டர். ஒரு கண்ணால் பார்த்து, பொத்தானை அழுத்தினால் மீட்டர் கணக்கு திரையில் தெரியும். ஆனால் தேடினால் வருவதெல்லாம் கோல்ஃப் ஆடுபவர்களுக்கானது, இல்லையென்றால் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கானது. பறவை பார்ப்பவர்களுக்கு எது சரிப்படும் என்று சொல்ல ஆளில்லை. கடையிலும் சொல்லத் தெரியாது. எனக்கு ஒன்று அமைவதற்குள் நிறைய அலைச்சல், நிறைய விசாரிப்பு. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. 'வேட்டை' என்ற பெயரைக் கண்டு ஒதுக்காதீர்கள், அதற்காகப் பயன்படுத்தவும் செய்யாதீர்கள்

இந்தியாவில் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, பிடிப்பது, துரத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே அதில் அடங்கும். முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் குறி வைக்க இந்தக் கருவியைத் தேடி வந்தவராக இருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

தூரம் அளக்கும் கருவி ஆயுதம் இல்லை. கடைகளில் சாதாரணமாக விற்கிறார்கள், உரிமம் எதுவும் கேட்பதில்லை. பெட்டியில் மான் படம் போட்டிருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஏரி வேலைக்கு அந்த வகைதான் பொருத்தம். காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

2. உங்களுக்கு எத்தனை மீட்டர் தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பட்டியலில் 600, 1000, 1500, 2000 என்று எண்கள் வரும். எண் ஏற ஏற விலையும் ஏறும். பள்ளிக்கரணையிலோ பெரும்பாக்கத்திலோ கரையில் நின்று, பைனாகுலரில் பறவையை இனம் பிரித்துச் சொல்லும் தூரம் பெரும்பாலும் 50 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்குள்தான். கூழைக்கடாவையும் பூநாரையையும் அதற்கு மேலும் அடையாளம் காணலாம். ஆனால் அந்தத் தூரத்தில் ஐந்து மீட்டர் முன்பின் ஆனாலும் கணக்கு பெரிதாகக் கெடாது.

கிண்டி போன்ற மரம் அடர்ந்த இடத்தில் நடந்துகொண்டே எண்ணுபவருக்கு 100 மீட்டரே அதிகம். அங்கே கிட்டத்தில் அளக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. சில கருவிகள் 10 மீட்டருக்குள் இருப்பதை அளக்காது. 'குறைந்தபட்சத் தூரம்' என்ற வரியைப் பாருங்கள். 5 மீட்டர் என்றிருந்தால் நல்லது.

3. கோல்ஃப் வகையா, வேட்டை வகையா?

குறைந்த விலையில் எங்கும் கிடைப்பது கோல்ஃப் வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான், உள்ளே வேலை செய்யும் விதம் வேறு.

லேசர் துடிப்பு போகும் வழியில் புல், கிளை, பறவை என்று பலவற்றில் பட்டுத் திரும்பும். எந்தத் திரும்பலைக் காட்டுவது என்பதைக் கருவி தீர்மானிக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் முன்னால் நிற்கும் கொடிக்கம்புதான் இலக்கு, பின்னால் இருக்கும் மரங்கள் வேண்டாம். அதனால் கோல்ஃப் வகை முதலில் பட்டதைக் காட்டும். வேட்டை வகையில் முன்னால் இருக்கும் செடியைத் தாண்டிப் பின்னால் இருப்பதைக் காட்ட வேண்டும், அதனால் அது தூரத்தில் பட்டதற்கு முன்னுரிமை கொடுக்கும். நம் ஏரிகளில் கரை ஓரமெல்லாம் சம்பும் கோரையும் சீமைக்கருவேலமும்தான். கோல்ஃப் கருவியை நீட்டினால் முன்னால் ஆடும் சம்புத் தட்டையின் தூரத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். கம்பி வலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அளந்தால் இன்னும் மோசம்: நாரை அந்தக் கரையில் நிற்கும், திரையில் வேலியின் தூரம்தான் வரும்.

இரண்டாவது வித்தியாசம் சரிவுக் கணக்கு. மேட்டில் இருக்கும் இலக்குக்கு, பந்தை இன்னும் வேகமாக அடிக்க வேண்டும் என்பதற்காகக் கோல்ஃப் கருவி தூரத்தைக் கூட்டிச் சொல்லும். வேட்டை வகையும் வில்வித்தை வகையும் தரைமட்டத் தூரத்தைச் சொல்லும். 30 டிகிரி சரிவில் நேர்க்கோட்டில் 100 மீட்டர் இருந்தால் தரைமட்டத்தில் அது சுமார் 87 மீட்டர். கணக்கெடுப்புக்கு வேண்டியது அந்த 87. சென்னையைச் சுற்றித் தட்டை நிலம், அதனால் சரிவு வசதிக்காகத் தனியாகப் பணம் கொட்ட வேண்டாம். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போவீர்கள் என்றால் யோசியுங்கள். கோல்ஃப் கருவிதான் கையில் இருக்கிறது என்றால், சரிவு வசதியை அணைத்துவிட்டு அளப்பது பாதுகாப்பு.

கொடியைப் பிடித்ததும் அதிரும் வசதி என்று ஒன்றைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று: வீட்டுச் சுவர், அறை அளக்கும் 'லேசர் டிஸ்டன்ஸ் மீட்டர்' இதே தேடலில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் குறி பார்க்க லென்ஸ் இருக்காது. சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெயிலில் முப்பது மீட்டரைத் தாண்டினால் அந்தப் புள்ளி தெரியவே தெரியாது.

4. பெட்டியில் எழுதிய தூரத்தை எப்படிப் படிப்பது

பெரும்பாலான தவறுகள் நடப்பது இந்த இடத்தில்தான். '1000' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, சாலையோரப் பிரதிபலிப்புப் பலகை போல ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் பொருளுக்கு. மரத்துக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எதிர்பார்க்கலாம். மான் அளவு விலங்குக்குப் பாதிக்கும் கீழே. பறவைக்கு என்று எந்த நிறுவனமும் எழுதுவதில்லை. விவரப் பட்டியலில் பிரதிபலிப்பு, மரம், மான் என்று மூன்று எண்களையும் தனித்தனியாகக் கொடுக்கும் நிறுவனத்தை நம்பலாம். ஒரே ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, அந்த 1000 மீட்டரா, கெஜமா? ஒரு கெஜம் 0.9144 மீட்டர். 1000 கெஜம் என்றால் 914 மீட்டர்தான். வாங்கிய புதிதில் பல கருவிகள் கெஜத்தில்தான் இருக்கும். திரையின் ஓரத்தில் சின்னதாக ஓர் எழுத்து மட்டும் அதைச் சொல்லும். மாற்றாமல் எண்ணப் போனால் 100 என்று எழுதும் ஒவ்வொன்றும் உண்மையில் 91 மீட்டர்தான். கணக்கெடுப்பு முடிந்தபின் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை மீட்டருக்கு மாற்றுவது.

லேசர் கற்றை ஊசிமுனை போல மெல்லியது என்று பலர் நினைக்கிறார்கள். அது விரிந்துகொண்டே போகும். இரண்டு மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் வீதம், விரியும் கற்றை 200 மீட்டரில் 40 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு நாமக்கோழியின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் தனிப் பறவையைக் குறி பார்த்து மல்லுக்கட்ட வேண்டாம். அதே தூரத்தில் இருக்கும் மண்மேடு, பட்ட மரம், புதர், கட்டிடச் சுவர் எதையாவது அளங்கள். தண்ணீர்ப் பரப்பில் அடித்தால் ஒளி முன்னால் சறுக்கிப் போய்விடும், திரும்பி வராது. வெறும் கோடுகள்தான் தெரியும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், மலிவுக் கருவியே பெரிய கருவியின் வேலையைப் பாதி செய்துவிடும்.

5. லென்ஸ், திரை, பேட்டரி

ஆறு மடங்கு உருப்பெருக்கம் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும். கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடியைக் கழற்றாமல் திரை முழுதும் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கண்ணருகே திருகிச் சரிசெய்யும் வளையம் கட்டாயம் இருக்கட்டும். மலிவானவற்றில் திரை கறுப்பு எழுத்தில் இருக்கும். விடியற்காலையில் இருண்ட மரத்தின் மேல் அது தெரியாது. சிவப்பு எழுத்துத் திரை வேண்டுமானால் விலை ஏறும். காலை ஆறு மணிக்கே எண்ணத் தொடங்குபவர்களுக்கு நான் சிவப்பையே சொல்வேன்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2 என்ற குட்டி லித்தியம் பேட்டரி. பெட்டிக்கடையில் கிடைக்காது, கேமரா கடையிலோ ஆன்லைனிலோதான். ஒன்று சுமார் 200 முதல் 400 ரூபாய். கையில் ஒன்று உபரியாக இல்லாமல் ஏரிக்குப் போக வேண்டாம். அதே அளவில் வரும் சார்ஜ் செய்யும் வகையில் மின்னழுத்தம் வேறாக இருக்கலாம். கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் கருவிகள் வசதிதான், ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி செத்தால் மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபிஎக்ஸ் என்பது தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு. மழைக்கு ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் தண்ணீரில் விழுந்தாலும் சற்று நேரம் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் வெளியே போகிறவர்கள் இதைப் பாருங்கள்.

லேசர் வகுப்பு 1 என்று எழுதியிருக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்பான வகுப்பு அது. அப்படி எதுவுமே எழுதாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

6. எவ்வளவு பணம் ஒதுக்குவது

விலை மாறிக்கொண்டே இருக்கும், இது ஏறக்குறைய ஒரு கணக்கு. பெயர் தெரியாத நிறுவனங்களின் கோல்ஃப் வகை ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை. நிக்கான், புஷ்னெல் போன்ற பெயர்களில் தொடக்க நிலைக் கருவிகள் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம். நிக்கானின் ஃபாரஸ்ட்ரி புரோ போல மரத்தின் உயரத்தையும் அளப்பவை நாற்பதாயிரத்துக்கு மேல். அது வனவியல் மாணவர்களுக்கானது, நமக்குத் தேவையில்லை.

தனி ஆளாக வாங்கினால் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் கருவியில், தூர முன்னுரிமை இருப்பதாகத் தேடி எடுத்தால் போதும். நாலைந்து பேர் சேர்ந்து எண்ணப் போகும் குழுவாக இருந்தால், பணம் போட்டு ஒரு நல்ல கருவி வாங்குவது தலைக்கொன்று மலிவாக வாங்குவதைவிட எவ்வளவோ மேல். ஒரு குழுவில் ஒருவர் அளந்தால் போதும், மற்றவர்கள் எண்ணலாம், எழுதலாம்.

7. எங்கே வாங்குவது, என்ன தாள் வாங்குவது

ரிச்சி தெருவில் கேட்டால் பெரும்பாலும் சுவர் அளக்கும் கருவியைத்தான் எடுத்து வைப்பார்கள். சர்வே கருவி விற்பவர்களிடம் கேட்டால் வரவழைத்துத் தருவதாகச் சொல்வார்கள். முன்பணம் கொடுக்குமுன் மாடல் பெயரை எழுதி வாங்குங்கள். பர்மா பஜாரில் பேரம் பேசி மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் பில் இல்லாமல் வாங்கினால் பிறகு போய்க் கேட்க முடியாது. கடைசியில் பலரும் ஆன்லைனில்தான் வாங்குகிறார்கள்.

எங்கே வாங்கினாலும் இவற்றைக் கவனியுங்கள்:

ஜிஎஸ்டி பில். ரேஞ்ச்ஃபைண்டருக்கு எச்எஸ்என் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் குறியீடு) தலைப்பு 9015, வரி 18 சதவீதம். கடைக்காரர் "பதினைந்தாயிரம்" என்றால், வரி சேர்த்தா சேர்க்காமலா என்று அப்போதே கேளுங்கள். சேர்க்காமல் என்றால் கையை விட்டுப் போவது 17,700.

பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டில் தயாரானது, புகாருக்கான எண். பொட்டலப் பொருள் விதிகள்படி இவை இருந்தாக வேண்டும். இந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி, யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்தது என்று அர்த்தம்.

உத்தரவாத அட்டை. கடையின் முத்திரையும் தேதியும் இல்லாவிட்டால் அது வெறும் அட்டைதான். "வாரண்டி உண்டு" என்று வாயால் சொல்லிவிட்டு, கேட்கப் போனால் "கம்பெனிக்கு எழுதுங்கள்" என்று சொல்லும் கடையை நானே பார்த்திருக்கிறேன். பழுது பார்ப்பது சென்னையிலா வெளியூரிலா, அனுப்பும் செலவு யாருடையது என்று வாங்குமுன் கேளுங்கள்.

சீரியல் எண் பில்லிலும் கருவியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா?

அங்கே விலை குறைவாகத்தான் தெரியும். ஆனால் கூரியரில் வரவழைத்தால் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்து, அதன்மேல் சுங்கவரியும் ஜிஎஸ்டியும் போடுவார்கள். அதற்குமேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். சுங்கவரி விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடும். பணம் கட்டுமுன் சுங்கத்துறை தளத்தில் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், பொருளின் பில், பணம் செலுத்திய சான்று இவை தயாராக இருக்கட்டும். கூரியர்காரர் அடையாளச் சான்றுக்கு அனுப்பும் செய்தியைக் கவனிக்காமல் விட்டால் பெட்டி அங்கேயே கிடக்கும்.

"பரிசு என்று எழுதி அனுப்பச் சொல், வரி வராது" என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பரிசு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ வரவழைப்பதையே 2019 டிசம்பரில் தடை செய்துவிட்டார்கள், ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் வம்புதான்.

சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால் வரியில்லாத வரம்புக்குள் அடங்கலாம். பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். உபரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

9. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்

ஆன்லைனில் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் கெடு. சிலவற்றில் 'மாற்றித் தரப்படும்' என்று மட்டும் இருக்கும், பணம் திரும்ப வராது. ஆர்டர் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள். ஊரில் இல்லாத வாரத்தில் பெட்டி வந்து சேரும்படி ஆர்டர் போட வேண்டாம்.

முதல் நாள், வீட்டுத் தெருவில் 30 மீட்டர் டேப் போட்டு அளந்து, சுவருக்கு நேராக நின்று பத்து முறை பொத்தானை அழுத்துங்கள். ஒரு மீட்டர் முன்பின் வரலாம். நாலு மீட்டர் ஆடினால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து நீண்ட தூரம். கூகுள் மேப்பில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. மெரினாவில் மணலில் நின்று, சாலைப் பக்கம் தெளிவாகத் தெரியும் கட்டிட முனை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிற்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு என்று மேப்பில் பார்த்து, கருவியோடு ஒப்பிடுங்கள். காலை ஆறரைக்கு ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை. உச்சி வெயிலிலும் கடற்கரை ஈரமூட்டத்திலும் எட்டும் தூரம் குறைவது இயல்பு. எவ்வளவு குறைகிறது என்று குறித்துவையுங்கள். உங்கள் கருவியின் உண்மையான எல்லை அதுதான்.

மூன்றாவது சோதனை ஏரியில். கோரைக்குப் பின்னால் இருக்கும் மரத்தைப் பாருங்கள். திரையில் கோரையின் தூரம் வந்தால் தூர முன்னுரிமை வேலை செய்யவில்லை, அல்லது அந்த வசதியைப் போடவில்லை என்று அர்த்தம். பெரும்பாக்கம் பக்கம் தண்ணீரில் இறங்கி மேயும் எருமைகள் நல்ல சோதனைக் குறி. கறுத்து நனைந்த முதுகு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். பளபளக்கும் பலகையை எந்தக் கருவியும் படித்துவிடும்; நண்பகலில் இருநூறு மீட்டரில் நிற்கும் எருமையை மூன்று முறை தொடர்ந்து ஒரே எண்ணாகப் படிக்கிறதா என்று பாருங்கள். படித்தால் வைத்துக்கொள்ளலாம்.

அளக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கார் கண்ணாடி வழியாக அளக்க வேண்டாம், கண்ணாடியே ஒளியைத் திருப்பிவிடும். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஆட்களின் முகத்துக்கு நேராகவும் நீட்டாதீர்கள்.

10. எப்போது வாங்குவது

வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து வரத் தொடங்கும். நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியை ஒட்டி நடக்கும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாங்கி, மழைக்கு முன் சோதித்து முடிப்பது நல்லது. தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் விலை குறையலாம், ஆனால் கெடு நாட்களெல்லாம் மழையில் போய்விடும்.

11. களத்துக்குக் கொண்டுபோகும்போது

சரணாலயத்துக்குள் கணக்கெடுப்புக்குப் போகிறீர்கள் என்றால் வனத்துறை அல்லது ஒருங்கிணைப்பாளர் கொடுத்த கடிதத்தின் நகலும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். விமான நிலையம், துறைமுகம், தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் பக்கம் இதை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. காவலர் கேட்டால் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். பையிலிருந்து எடுக்காமல் கால் மணி நேரம் விட்டால் தெளிந்துவிடும். சட்டை நுனியால் துடைக்க வேண்டாம், லென்ஸ் துணியே போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். இரண்டு மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

12. பழுதாகி, விற்றவர் கைகழுவினால்

முதலில் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ எதுவானாலும் சரி. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம். பில், உத்தரவாத அட்டை, பெட்டியின் ஸ்டிக்கர் படம், பிரித்த வீடியோ, எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். பில் தாள் சீக்கிரமே மங்கிப் போகும் வகையாக இருந்தால், வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.